பிளேசான்ஸிலிருந்து மீனம்பாக்கம் வரை: விமான தூரமும் பயண நேரமும் நீங்களே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

மொரீஷியஸிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 4,456 கி.மீ. என்கிறது. இன்னொன்று 4,440 என்கிறது. விமானத்தில் திரையைப் பார்த்தால் 4,600க்கு மேல் ஓடியிருக்கும். நேரமும் அப்படித்தான். சீட்டில் இரவு 8 மணிக்குப் புறப்பாடு, அதிகாலை 3:25க்கு வருகை என்று இருந்தால் பலர் ஏழரை மணி நேரப் பயணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஆறு மணி நேரம்கூட இல்லை.

இந்த எண்கள் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை அளக்கிறது. வரைபடத் தூரம், பறக்கும் தூரம், ஆகாயத்தில் இருக்கும் நேரம், சீட்டு சொல்லும் நேரம், வீட்டு வாசலிலிருந்து உறவினர் வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் ஆகிய ஐந்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எந்த வழியில் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த இணைப்பு விமானம் கைநழுவும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். ஒரு கைபேசிக் கால்குலேட்டர் போதும். மொரீஷியஸ் விமான நிலையம் இருக்கும் பிளேசான்ஸிலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரையிலான வழியை முதன்மை உதாரணமாக எடுத்துக்கொண்டு, ரெயூனியன், டர்பன் வாசகர்களுக்கான கணக்கையும் ஆங்காங்கே சேர்த்திருக்கிறோம்.

படி 1: நிலையங்களின் இருப்பிடத்தைச் சரியாக எடுங்கள்

முதலில் வேண்டியது இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. ஊரின் எண்ணை எடுக்கக் கூடாது, நிலையத்தின் எண்ணையே எடுக்க வேண்டும். தலைநகர் போர்ட் லூயிஸ் தீவின் வடமேற்கில் இருக்கிறது. சர் சீவூசாகூர் ராம்கூலம் விமான நிலையம் தென்கிழக்கில், மஹேபூர்க் அருகே பிளேசான்ஸில் இருக்கிறது. நகரத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆரம்பத்திலேயே பிழை வந்துவிடும்.

பிளேசான்ஸ்: தெற்கு 20.430, கிழக்கு 57.684
சென்னை: வடக்கு 12.990, கிழக்கு 80.169
ரெயூனியன், ரோலான் காரோஸ்: தெற்கு 20.887, கிழக்கு 55.510
டர்பன், கிங் ஷாகா: தெற்கு 29.614, கிழக்கு 31.120
மும்பை: வடக்கு 19.089, கிழக்கு 72.868
துபாய்: வடக்கு 25.253, கிழக்கு 55.364

இவை எல்லாம் தசம டிகிரியில் உள்ளன. சில இடங்களில் 20 டிகிரி 26 நிமிடம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை 20.26 என்று தட்டச்சு செய்துவிடாதீர்கள். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும்: 26 ÷ 60 = 0.43, ஆகவே 20.43.

தெற்கு அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம். இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பிளேசான்ஸுக்குக் கழித்தல் குறி போட மறந்தால் நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, அரபிக்கடலோரம் ஓமனுக்கு நகர்ந்துவிடும். விடை 2,530 கி.மீ. என்று வரும். எண் நம்பும்படியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது.

படி 2: பூமியின் வளைவில் நேர்கோடு

இரு இடங்களுக்கு இடையே பூமியின் மேற்பரப்பில் போகக்கூடிய மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். கால்குலேட்டரைக் குறுக்கே திருப்பினால் சைன், காஸ் பொத்தான்கள் தெரியும். டிகிரி முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் முறையில் இருந்தால் வருவதெல்லாம் குப்பை. சோதிக்க எளிய வழி: சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும்.

சூத்திரம் இதுதான்:

காஸ்(கோணம்) = சைன்(முதல் அட்சரேகை) × சைன்(இரண்டாம் அட்சரேகை) + காஸ்(முதல் அட்சரேகை) × காஸ்(இரண்டாம் அட்சரேகை) × காஸ்(தீர்க்கரேகைகளின் வித்தியாசம்)

நம் வழிக்குப் போட்டுப் பார்ப்போம். தீர்க்கரேகை வித்தியாசம் 80.169 − 57.684 = 22.485.

முதல் பகுதி: −0.34907 × 0.22478 = −0.07846
இரண்டாம் பகுதி: 0.93710 × 0.97441 × 0.92398 = 0.84370
கூட்டினால்: 0.76524

இதற்குக் காஸின் தலைகீழ்ப் பொத்தானை அழுத்தினால் 40.07 டிகிரி வரும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. பெருக்குங்கள்: 4,456 கி.மீ.

சில தளங்கள் 4,440 பக்கம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் சற்றுப் புடைத்து, துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கிறது. நடுவில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்களில், நிலநடுக்கோட்டை வடக்கு–தெற்காகக் கடக்கும் நம் வழி 15 கி.மீ. அளவுக்குக் குறையும். பயணத் திட்டத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு நிமிடம்தான். கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது குறுகிய தூரங்களில். பிளேசான்ஸ்–ரோலான் காரோஸ் தூரம் 232 கி.மீ. அங்கே காஸ் மதிப்பு 0.999339. இதை 0.9993 என்று சுருக்கிக்கொண்டால் விடை 238 ஆகிவிடும். 500 கி.மீ.க்கு உட்பட்ட கணக்குகளில் குறைந்தது ஆறு தசம இடங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

அலகிலும் எச்சரிக்கை தேவை. 4,456 கி.மீ. என்பது 2,769 தரை மைல். ஆனால் விமானிகளும் விமான நிறுவனங்களும் பேசும் நாட்டிகல் மைலில் 2,406. ஒரு நாட்டிகல் மைல் 1.852 கி.மீ.; தரை மைல் 1.609. எங்கேனும் வெறுமனே "மைல்" என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பார்த்த பிறகே வகுக்கத் தொடங்குங்கள்.

அந்தக் கோடு எங்கே போகிறது?

இந்தப் பாதையைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுப் பார்த்தால் நம்மவர்களுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு விஷயம் கிடைக்கிறது. பிளேசான்ஸிலிருந்து வடக்கிலிருந்து 35 டிகிரி கிழக்காகக் கிளம்பும் கோடு, நிலநடுக்கோட்டை 71.6 டிகிரி கிழக்கில் தொடுகிறது. மாலத்தீவுக் கூட்டத்தைக் குறுக்கே வெட்டி, மாலே நகருக்கு 90 கி.மீ. அளவு கிழக்கே செல்கிறது. திருவனந்தபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கோவளம், விழிஞ்ஞம் பக்கம் கரையேறுகிறது. அம்பாசமுத்திரம் பக்கமாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகிறது. பிறகு மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஊர்களின் தலைக்கு மேலேயே போய்ச் சென்னையில் இறங்குகிறது. தமிழ்நாட்டின் முதுகெலும்பான அந்த நெடுஞ்சாலையையே கோடு பின்பற்றுவதுபோல் இருக்கும்.

இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. திருச்சிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறவர் பிளேசான்ஸிலிருந்து திருச்சி வரை கணக்கிட்டால் 4,162 கி.மீ. வரும். ஆனால் சென்னையில் இறங்க வேண்டியிருப்பதால் திருச்சியைத் தாண்டி 294 கி.மீ. வடக்கே பறந்து, அதே தூரத்துக்கு மேல் தரைவழியே தெற்கே திரும்பி வருகிறார். அவருடைய உண்மையான பயணக் கணக்கில் இந்த இரண்டு பங்கும் சேர வேண்டும். மதுரைக்காரருக்கும் இதே கதை.

படி 3: வரைபடத் தூரத்தைப் பறக்கும் தூரமாக மாற்றுங்கள்

எந்த விமானமும் அந்தக் கோட்டின் மேல் அப்படியே பறப்பதில்லை. வான்வழிப் பாதைகள் குறித்த புள்ளிகள் வழியாகவே செல்கின்றன. மொரீஷியஸ், மாலே, சென்னை என்று ஒவ்வொரு வான்பரப்பின் கட்டுப்பாட்டு மையமும் விமானத்தை அடுத்ததற்கு ஒப்படைக்கும். வழியில் இடிமேகம் இருந்தால் சுற்றிப் போவார்கள். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது அடிக்கடி நடக்கும். இரண்டு எஞ்சின் விமானம் என்பதால், ஒரு எஞ்சின் நின்றாலும் குறித்த நேரத்துக்குள் அடையக்கூடிய மாற்று விமான நிலையங்களை மனத்தில் வைத்தே பாதை வகுக்கப்படுகிறது.

ஓடுபாதையின் திசையும் நிமிடங்களைத் தின்னும். விமானம் எதிர்காற்றை நோக்கியே ஏறும், இறங்கும். பிளேசான்ஸ் ஓடுபாதை வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்குக் காற்று வீசுவதால் விமானம் கடல்பக்கம் தென்கிழக்கே ஏறி, பிறகு இடப்புறம் திரும்பி வடகிழக்கைப் பிடிக்கிறது. சென்னையின் முதன்மை ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு–மேற்கு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கிலிருந்து இறங்குவார்கள். நமக்கு அது நேர்வழி. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கடல்பக்கம் சுற்றிவந்து கிழக்கிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். அதற்குப் பத்து நிமிடம் கூடுதலாகப் போகலாம்.

இவை எல்லாவற்றுக்குமாக வரைபடத் தூரத்தை 1.04ஆல் பெருக்குங்கள். 4,456 × 1.04 = 4,634 கி.மீ.

படி 4: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

அடுத்து வேகம். எந்த வகை விமானம் என்பது சீட்டிலேயே இருக்கும். உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது காற்றில்லாத வேகத்தை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்:

ஏர்பஸ் ஏ350, ஏ380, போயிங் 777: மணிக்கு 900 கி.மீ.
ஏர்பஸ் ஏ330: 870
ஏர்பஸ் ஏ320, போயிங் 737: 830
ஏடிஆர் 72: 480 முதல் 500

ஏர் மொரீஷியஸிடம் ஏ350, ஏ330 இரண்டு வகையும் உண்டு. ஏ330நியோ விமானங்களில் ஒன்றுக்கு ஆப்ரவாசி காட் என்று பெயர். முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பல வாரங்கள் கப்பலில் வந்து இறங்கிய அந்தப் படித்துறையின் பெயரைத் தாங்கிய விமானம் இந்தக் கடலை ஒரு பொழுதுக்குள் கடக்கிறது.

சூத்திரம்:

சீட்டு நேரம் = (தூரம் × 1.04 ÷ வேகம்) + 35 நிமிடம்

அந்த 35 நிமிடம் எதற்கு? நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குப் போவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, இறங்கிய பின் வாசலுக்கு ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடங்கும். சீட்டில் போட்டிருக்கும் நேரம் சக்கரம் மேலெழும் நேரமில்லை. சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, மறுமுனையில் கட்டை போடும் நேரம் வரை. துறையில் இதை பிளாக் டைம் என்பார்கள்.

பிளேசான்ஸ்–சென்னை, ஏ330: 4,634 ÷ 870 = 5.33 மணி. புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடமில்லை, 0.33 × 60 = 20 நிமிடம். ஆக 5 மணி 20 நிமிடம், அதனுடன் 35 சேர்த்தால் 5 மணி 55 நிமிடம். நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம்விட்டு இதற்கு மேல் பத்து, பதினைந்து நிமிடம் சேர்த்து அச்சிடுவது வழக்கம். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானமும் சில நேரம் குறித்த நேரத்தில் வந்து சேர்கிறது.

ஏடிஆர் 72 ஓடும் ரெயூனியன் வழிக்கு 35 நிமிடம் அதிகம். 15 முதல் 20 போதும். 232 × 1.04 ÷ 480 = அரை மணி, அதோடு அந்த 15 முதல் 20 நிமிடத்தைச் சேர்த்தால் முக்கால் மணியிலிருந்து 50 நிமிடத்துக்குள்.

உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தையும் கணக்கிடலாம். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று நாட்டிகல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 38,000 அடியில் பறந்தால் 114 நாட்டிகல் மைல், அதாவது 211 கி.மீ. முன்னதாக இறக்கம் தொடங்கும். நம் கோட்டில் அது திருச்சியைத் தாண்டி 80 கி.மீ. கழித்து. பகல் விமானமாக இருந்து வானம் தெளிவாக இருந்தால், இறக்கம் தொடங்கும் முன் வரும் கால் மணி நேரத்தில் சன்னலை மூடி வைக்காதீர்கள். கீழே காவிரி தெரிய வாய்ப்பு உண்டு.

படி 5: காற்றைச் சேருங்கள்

போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்குக் காரணம் மேல்வானக் காற்று. பூமி சுழல்வதால் விமானத்துக்கு அடியில் ஊர் நகர்ந்து வருகிறது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். அது தவறு, காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.

காற்று முழுவதும் விமானத்தைத் தள்ளாது, பாதையின் திசையில் விழும் பங்கு மட்டுமே தள்ளும். நம் பாதை வடக்கிலிருந்து 35 டிகிரி கிழக்கு. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும் அதற்கும் இடைக்கோணம் 55. காஸ் 55 = 0.57. மணிக்கு 60 கி.மீ. மேற்குக் காற்று இருந்தால் நமக்குக் கிடைக்கும் தள்ளுதல் 34 கி.மீ. மட்டுமே.

சூன் முதல் செப்டம்பர் வரை மொரீஷியஸ் பக்கம் மேல்வானில் மேற்குக் காற்று பலமாக இருக்கும். அதே மாதங்களில் தென்னிந்தியாவின் மேல் கிழக்குக் காற்று வீசும். முதல் பாதியில் கிடைத்த லாபத்தை இரண்டாம் பாதி கொஞ்சம் பறித்துக்கொள்ளும். வழி முழுக்க 35 கி.மீ. எதிர்காற்று என்று வைத்தாலும் 4,634 ÷ 835 = 5 மணி 33 நிமிடம்தான், அதாவது 13 நிமிடம் கூடுதல். ஆகவே சென்னை வழியில் காற்று பெரிய விஷயமில்லை.

ஜோகன்னஸ்பர்க் வழியில் அது பெரிய விஷயம். அங்குள்ள ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து பிளேசான்ஸ் 3,066 கி.மீ., பாதை கிட்டத்தட்ட நேர்கிழக்கு. 60 கி.மீ. மேற்குக் காற்று முழுதாகவே தள்ளும். 3,066 × 1.04 = 3,189. வரும்போது 930 வேகத்தில், அந்த 35 நிமிடத்தையும் சேர்த்து, 4 மணி 1 நிமிடம். திரும்பும்போது 810 வேகத்தில் 4 மணி 31 நிமிடம். அரை மணி வித்தியாசம். ஜோகன்னஸ்பர்கில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இந்த அரை மணியை மறக்கக் கூடாது.

படி 6: கடிகாரத்தைத் திருத்துங்கள்

மொரீஷியஸும் ரெயூனியனும் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன். இந்தியா 5:30 முன். தென்னாப்பிரிக்கா 2 முன். துபாய் 4, நம்மோடு ஒரே நேரம். தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி 3. இந்த ஊர்கள் எதிலும் இப்போது கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. மொரீஷியஸ் 2008 அக்டோபரில் அதைத் தொடங்கி 2009 மார்ச்சோடு கைவிட்டுவிட்டது.

போகும்போது: புறப்படும் நேரம் + பயண நேரம் + 1:30. இரவு 8:00 + 5:55 + 1:30 = அதிகாலை 3:25.
வரும்போது: புறப்படும் நேரம் + பயண நேரம் − 1:30. அதிகாலை 5:00 + 6:05 − 1:30 = காலை 9:35.

சீட்டை மட்டும் பார்த்தால் போக 7:25, வர 4:35 என்று தோன்றும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள்: 6:00. நேர வித்தியாசம் தானாக அடிபட்டு உண்மையான பயண நேரம் வந்துவிடும். நேர மண்டலம் நினைவில்லாவிட்டாலும் இந்த ஒரு கணக்கு கைகொடுக்கும்.

தேதிதான் இன்னும் ஆபத்தானது. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. சீட்டில் 14ஆம் தேதி 00:40 என்று இருந்தால் 13ஆம் தேதி இரவு 9:40க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி இரவு கிளம்பிப் போகிறவர்கள் விமானத்தை ஒரு நாள் வித்தியாசத்தில் இழக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கும்போது "13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டதும் கிளம்பணும்" என்று கிழமையோடு எழுதிக் கொடுங்கள்.

படி 7: நேர்வழியா, சுற்றுவழியா?

ஏர் மொரீஷியஸ் சென்னைக்கு நேரடியாகப் பறந்திருக்கிறது. ஆனால் நேரடி விமானத்தின் நாள்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். தினசரிச் சேவை என்று நினைத்துத் திட்டமிட வேண்டாம். உங்கள் தேதிக்கு இல்லையென்றால் மும்பை அல்லது துபாய் வழி. தூரம் இப்படி:

நேரடி: 4,456 கி.மீ.
மும்பை வழி: 4,695 + 1,033 = 5,728 கி.மீ., 29 சதவீதம் கூடுதல்
துபாய் வழி: 5,086 + 2,933 = 8,019 கி.மீ., 80 சதவீதம் கூடுதல்

மொரீஷியஸிலிருந்து மும்பையைவிடச் சென்னை 240 கி.மீ. அருகில் இருக்கிறது. வரைபடத்தில் மும்பை நேர்மேலே இருப்பதுபோல் தெரிவதால் பலர் இதை எதிர்பார்ப்பதில்லை.

தூரத்தைப் பார்த்தால் துபாய் வழி வீண் என்று தோன்றும். நேரத்தைப் போட்டுப் பாருங்கள். மும்பை வரை 6:12, மும்பை–சென்னை 1:53, நடுவில் குறைந்தது 4:00, மொத்தம் 12:05. துபாய் வரை 6:28, துபாய்–சென்னை 3:58, நடுவில் 3:00, மொத்தம் 13:26. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றியும் வித்தியாசம் ஒன்றேகால் மணியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

காரணம் மும்பையில் செய்ய வேண்டிய வேலைகள். இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். உள்நாட்டு விமானம் வேறு முனையத்தில் இருந்தால் சாலை வழியே போக வேண்டும். இரண்டு மணி நேர இணைப்பு என்று தளம் காட்டினாலும் எடுக்காதீர்கள். துபாயில் ஒரே சீட்டாக இருந்தால் பெட்டி நேராகச் சென்னைக்குப் போய்விடும், நீங்கள் வாசல் மாறினால் போதும். வயதானவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், நான்கு பெட்டி கொண்டுவருகிறவர்கள் துபாய் வழியை எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. கைப்பையோடு போகும் இளைஞருக்கு மும்பை போதும். மும்பையில் இரவு தங்கல் விழுந்தால் யாருக்குமே அது லாபமில்லை.

தனித்தனிச் சீட்டு எடுத்து மலிவாகப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. தனிச் சீட்டு என்றால் இடைவெளி ஆறு மணி நேரமாவது இருக்கட்டும்.

டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் வாசகர்களுக்கு: கிங் ஷாகாவிலிருந்து சென்னை 7,076 கி.மீ. துபாய் வழி 6,627 + 2,933 = 9,560, அதாவது 35 சதவீதம் மட்டுமே சுற்று. துபாய் வரை 8:14, தங்கல் 3:00, பிறகு 3:58, மொத்தம் 15:12. மாலை 6:30க்குக் கிளம்பினால் 3:30 நேர வித்தியாசத்தையும் சேர்த்து மறுநாள் பகல் 1:12க்குச் சென்னையில் இறங்குவீர்கள். ஜோகன்னஸ்பர்க் போய்ச் சுற்றுவதைவிடப் பெரும்பாலும் இதுவே எளிது. ரெயூனியன்காரர்கள் பிளேசான்ஸ் வந்து மாறும்போது இரண்டு சீட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முக்கால் மணி விமானம் ரத்தானால் ஆறு மணி விமானமும் கையைவிட்டுப் போகும்.

படி 8: வாசலிலிருந்து வாசல் வரை

இரவு 8:00 விமானத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். விமான நிலையத்தில் மாலை 5:00க்கு இருக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். போர்ட் லூயிஸிலிருந்து பிளேசான்ஸ் 45 கி.மீ.க்கு மேல். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி. மாலை நான்கு மணிக்கு அலுவலகங்கள் விடும் நேரத்தில் அது ஒன்றே முக்கால் ஆகலாம். ஆகவே 3:15க்கே கிளம்புங்கள். கிராண்ட் பே, குட்லண்ட்ஸ் போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் தலைநகர நெரிசலையும் கடக்க வேண்டும். இன்னும் முக்கால் மணி சேருங்கள். மெட்ரோ எக்ஸ்பிரஸ் கியூர்பிப்போடு நின்றுவிடும். அங்கிருந்து பஸ் அல்லது டாக்சி. பெட்டிகளோடு அந்த வழி சரிப்படாது.

சென்னையில் இறங்கிக் குடியேற்றம், பெட்டி, சுங்கம் முடிக்க ஒன்றேகால் மணி வையுங்கள். அதிகாலை 3:25க்கு இறங்கினால் வெளியே வர 4:40. மெட்ரோ ரயில் நிலையம் விமான நிலையத்தோடு இணைந்திருக்கிறது. ஆனால் ரயில் ஓடத் தொடங்குவது 5 மணி வாக்கில். அருகிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையமும் உண்டு. தெற்கே போகும் அரசு பஸ்களுக்குக் கோயம்பேடு போகாதீர்கள். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கிளாம்பாக்கம்தான் தென்மாவட்டங்களுக்கான பேருந்து முனையம். விமான நிலையத்திலிருந்து அது தெற்கேதான் இருக்கிறது, திருச்சிக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில்.

கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து பிளேசான்ஸ் 1:45, காத்திருப்பு 3:00, விமானம் 5:55, சென்னை நிலையம் 1:15, நகருக்குள் 0:45. மொத்தம் 12:40. இதில் விமானம் பாதிகூட இல்லை. திருச்சி வரை என்றால் இன்னும் ஆறு மணி நேரம்.

விரதம் இருப்பவர்கள் சைவ உணவைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

படி 9: நாள்கணக்கில் போகும் தாமதம்

மேலே சொன்ன கணக்கெல்லாம் நிமிடங்களில். புயல் வந்தால் நாள்களில் பேச வேண்டும். நம் தீவுகளில் புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை. சனவரி, பிப்ரவரி உச்சம். தைப்பூசக் காவடி விழுவதும் அதே வேளையில். 2024 சனவரி 15 அன்று பெலால் புயலால் போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கியது, விமான நிலையம் மூடப்பட்டது. அந்த ஆண்டு தைப்பூசம் சனவரி 25. காவடி எடுக்கத் திரும்பி வருகிறவர்கள் விழாவுக்கு முந்தைய நாள் விமானத்தை எடுக்கவே கூடாது. குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள்.

சென்னைப் பக்கம் ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பர் 1 மழையில் ஓடுபாதை மூழ்கி நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள். அந்த மாதங்களில் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வருகையை வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். முதலில் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள், சீட்டிலுள்ள தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா, முகவருடையதா என்று சரிபாருங்கள். ரத்து அறிவிப்பு முகவரின் பெட்டியில் கிடந்தால் உங்களுக்குத் தெரியாது. இதைச் சீட்டு எடுக்கும் அன்றே மாற்றிவைத்துவிடுங்கள்.